அளக்காமல் எழுதாதே!



நம் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஜாவா ஸ்விங்கில் ஒரு ஃபார்ம் செய்யச் சொன்னால், முதல் வேலையாக லேஅவுட்டுக்கு 'நல்' என்று போட்டுவிடுவோம். பிறகு செட்பவுண்ட்ஸில் 100, 50, 80, 20 என்று மனதில் தோன்றிய எண்களை நிரப்புவோம். நேம், அட்ரஸ் என்று ஆங்கிலத்தில் அழகாக வரும். "அவுட்புட் வந்துடுச்சுடா!" என்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதே என் கருத்து.

ஏன் என்கிறீர்களா? அதே 80 பிக்சல் லேபிளில் 'விண்ணப்பதாரரின் பெயர்' என்று தமிழில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் எழுத்து வரும். மீதிக்கு மூன்று புள்ளிகள் நிற்கும். இடம் போதாவிட்டால் ஜேலேபிள் செய்வது அதுதான்.

இது சின்ன விஷயமா? எங்கள் அம்மாவின் பெயர் ஓர் அட்டையில் பாதியாக அச்சாகி வந்தது. அதைத் திருத்த மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். "இவ்வளவு எழுத்துதாம்மா பிடிக்கும்" என்றார்களாம். மெஷின் என்ன செய்யும்? புரோகிராம் எழுதியவர் இடம் விடவில்லை!

"சரிப்பா, எழுத்தை எண்ணிப் பெருக்கி இடம் விட்டால் போச்சு" என்பீர்கள். அதுவும் நடக்காது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாவின் லெங்த் கேட்டால் 5 என்று சொல்லும். கொம்பும் புள்ளியும் அதற்குத் தனிக் கணக்கு. 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா என்ன? அதனால் எண்ணக் கூடாது, அளக்க வேண்டும். அளந்து சொல்வதற்கென்றே ஃபான்ட்மெட்ரிக்ஸ் இருக்கிறது. ஸ்ட்ரிங்விட்த் அகலத்தைச் சொல்லும். அசென்ட், டிசென்ட் இரண்டும் அடிக்கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று சொல்லும்.

டிராஸ்ட்ரிங்கில் நாம் தரும் ஒய் மதிப்பு எழுத்தின் தலை அல்ல, அடிக்கோடு. 0, 0 என்று கொடுத்தால் எழுத்து பேனலுக்கு மேலே போய்விடும். சு, பு போன்றவற்றின் வால் மட்டும்தான் தெரியும். நடுவில் வர வேண்டுமா? பேனல் உயரத்திலிருந்து எழுத்தின் உயரத்தைக் கழித்து, பாதியாக்கி, அசென்ட்டைக் கூட்டினால் போதும்.

பேனலுக்கும் இதே நியாயம்தான். உள்ளே எதையும் சேர்க்காமல் நாமே வரையும் ஜேபேனல், தன் அளவு 10-க்கு 10 பிக்சல் என்றுதான் சொல்லும். பேக் கொடுத்ததும் ஜன்னல் சுருங்கிப் போவது அதனால்தான். கெட்பிரிஃபர்ட்சைஸை நாமே எழுதி, அளந்த அளவைத் திருப்பித் தந்தால் பேனல் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபார்மில் உள்ள மற்ற லேபிள்களை லேஅவுட் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் இன்று வந்த வசதியா? 1998-ல் ஜேடிகே 1.2-உடன் ஸ்விங் வந்தபோதே இருந்தவை!

"எல்லாவற்றுக்கும் 500 வைத்துவிடலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். ஃபான்ட் மாறினால் அந்த 500-ம் பொய்தான். கடைப் பலகை எழுதும் என் சித்தப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர்கூட நூல் பிடித்துக் கோடு போட்டு, பெயர் அடங்குமா என்று பார்த்த பிறகுதான் பிரஷைத் தொடுவார். டிப்ளமோ படிக்கும் நமக்கு அந்தப் பொறுமை வேண்டாமா?

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நாளை நாம் எழுதும் திரைக்கு முன்னால் வரிசையில் நிற்கப் போவது நம் வீட்டு மனிதர்கள்தான். அவர்கள் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும். அடுத்த லேப் வகுப்பிலேயே தொடங்குவோம்: ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்க்காமல் "அவுட்புட் வந்துடுச்சு" என்று சொல்ல வேண்டாம். சரிதானே தோழர்களே?