புது ஹேட்ச்பேக் விலைக்கு பழைய பென்ஸ் எஸ்-கிளாஸ்: வாங்கலாமா, கூடாதா?

‘எட்டு லட்சத்துக்கு பென்ஸ் எஸ்-கிளாஸ்!’ யூஸ்டு கார் டீலர்களின் ரீல்ஸில் இப்படியான விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 2010, 2012 மாடல், கறுப்பு கலர், லெதர் சீட், பின்சீட்டில் காலை நீட்டி உட்காரும் இடம். புதிதாக வந்தபோது ஒரு கோடி ரூபாயை நெருங்கிய வண்டி, இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கு நிற்கிறது. ‘இதை விட்டுட்டு யாராவது சின்ன கார் வாங்குவாங்களா?’ என்று தோன்றுவது இயல்புதான்.

யானையை வாங்குறது பெருசில்ல, கட்டித் தீனி போடுறதுதான் பெருசு என்பார்கள். பழைய சொகுசு செடான்களின் கதையும் அதேதான். காரின் விலை எட்டு லட்சமாக இறங்கிவிட்டது. ஆனால் அதில் மாட்ட வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸ், இன்னமும் ஒரு கோடி ரூபாய் காருக்கான பார்ட்ஸ்தான். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது?

முதல் காரணம், இந்த வண்டிகளைப் புதிதாக வாங்குபவர்கள் பழைய மாடலை வைத்திருக்க விரும்புவதில்லை. அடுத்த தலைமுறை மாடல் வந்ததும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது, பத்து வயதைத் தாண்டிய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும் என்பதால் டிமாண்ட் குறைகிறது.

மூன்றாவது, டெல்லி விவகாரம். தலைநகர் பகுதியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளும், 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. இந்தக் குழப்பத்தில் பல சொகுசு கார்கள் குறைந்த விலைக்கு வேறு மாநிலங்களுக்குக் கைமாறுகின்றன. தமிழ்நாட்டு யூஸ்டு கார் சந்தையில் ‘டெல்லி வண்டி’ என்ற பெயர் புழங்குவது இதனால்தான்.

டெல்லி வண்டியை இங்கே கொண்டுவந்தால் முடிந்ததா? இல்லை. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வேண்டும். தமிழ்நாட்டில் ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இந்த வரி, வாங்கிய எட்டு லட்சத்தை வைத்து அல்ல, வண்டியின் மூல விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

2005 முதல் 2013 வரை தயாரான டபிள்யூ221 எஸ்-கிளாஸை எடுத்துக்கொள்வோம். இதில் சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் சஸ்பென்ஷன். ரப்பர் பைகளில் கம்ப்ரசர் காற்றை நிரப்பி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. பத்து வருஷ வெயிலில் ரப்பர் வெடித்து காற்று கசியும். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் வண்டி உட்கார்ந்திருக்கும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். ஒரு கசிவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் பில் இரட்டிப்பாகும்.

அடுத்தது கியர்பாக்ஸ். ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று கார் விற்பவர் சொல்லலாம். ஆனால், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. முதல் ஓனருக்கு அது பிரச்னையே இல்லை. மூன்றாவது ஓனர் தலையில்தான் அது வந்து விழும்.

இன்ஜினைப் பொறுத்தும் செலவு மாறும். 2008-க்குப் பிறகு வந்த 7 சீரிஸின் என்63 பெட்ரோல் வி8 இன்ஜினில் டர்போக்கள் சிலிண்டர்களுக்கு நடுவே இருப்பதால் சூடு அதிகம். ஆயில் குடிக்கும் புகார்கள் குவிந்ததால், 2014-ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சிறப்பு சர்வீஸ் திட்டத்தையே பிஎம்டபிள்யூ அறிவிக்க வேண்டியிருந்தது.

‘வெறும் 40,000 கி.மீ.தான் ஓடியிருக்கு’ என்பதும் முழு நிம்மதி தராது. ரப்பர் புஷ், கூலன்ட் ஹோஸ், இன்ஜின் மவுன்ட் எல்லாம் கி.மீ.யைப் பார்த்துப் பழசாவதில்லை. வருஷத்தைப் பார்த்துத்தான் பழசாகும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

பலரும் கவனிக்காத இடம் இது. ஐந்து வயதைத் தாண்டிய காரின் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டு மதிப்பு, இன்சூரன்ஸ் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. அது எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ கணக்கு. அதாவது ஆறு லட்சத்துக்கு மேல் பில் வந்தாலே வண்டி கதை முடிந்தது. புது காரில் பெரிய விபத்து நடந்தால் வரும் நிலை, இங்கே ஒரு நடுத்தர மோதலிலேயே வரலாம். ஹெட்லைட், பம்பர், ஏர்பேக், சென்சார் என்று கூட்டினால் கணக்கு எங்கோ போய்விடும். ஜீரோ டெப் கவர் இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

15 வயது ஆகும்போது?

தனியார் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு எஃப்.சி. எடுத்து ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

* இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் பார்க்க வேண்டும். நான்கு மூலையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? டீலர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.
* சாதாரண ஓபிடி ஸ்கேனர் போதாது. பென்ஸுக்கு சென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா போன்ற கம்பெனி சாஃப்ட்வேரில் எல்லா கன்ட்ரோல் யூனிட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.
* சேஸிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேட்க வேண்டும். ‘வெளியில பண்ணினோம்’ என்றால் பில் வேண்டும்.
* 2015, 2023 வெள்ளத்தைப் பார்த்த சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, சேறு படிந்த கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பெட்டுக்கு அடியிலும், ஸ்டெப்னி குழியிலும் கூட.
* டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய டயர் என்றால் நான்கையும் மாற்றும் செலவைப் பேரத்தில் கழிக்க வேண்டும்.
* பரிவாகன் தளத்தில் கடன், இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர் ஆகிய விவரங்களைச் சரிபார்க்க வேண்டும்.

அப்படியானால் யாருக்குச் சரிப்படும்?

வீட்டில் தினசரி ஓட்ட வேறு ஒரு கார் இருப்பவருக்கு. இந்த வண்டிகளை அறிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவருக்கு. வாங்கும் விலையில் பாதியையாவது ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தவருக்கு. எட்டு லட்ச ரூபாய் காருக்கு உண்மையான பட்ஜெட் பன்னிரண்டு லட்சம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருப்பதே எட்டு லட்சம், அதுவும் குடும்பத்தின் ஒரே கார் என்றால்? வாரன்டியோடு வரும் அந்தப் புது ஹேட்ச்பேக்தான் சரி. முதல் வருஷமே ஷெட்டில் நிற்கும் எஸ்-கிளாஸைவிட, தினமும் காலையில் ஸ்டார்ட் ஆகும் சின்ன கார்தான் அந்த வீட்டுக்கு சொகுசு.