வளையத்தை எப்போது பார்ப்பது?

இளம் கூடைப்பந்து வீரர்களின் கால்வலுவுக்கும் தாவலுக்கும் மூச்சுத்திறனுக்கும் செலவிடப்படும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூடப் பார்வைக்கு ஒதுக்கப்படுவதில்லை என்ற குறை நெடுநாளாகவே இருந்துவருகிறது. அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிச் சந்தைக்கு வரும் சாதனங்களோ, மின்னி மறையும் விளக்குகளைக் கையால் தொடச்செய்யும் ஒளிப்பலகைகள், இருண்டும் தெளிந்தும் மாறிக்கொண்டேயிருக்கும் மினுக்குக் கண்ணாடிகள், திரையில் ஓடும் உருண்டைகளை விடாமல் பின்தொடரச்செய்யும் கணினிப் பயிற்சிகள் எனப் பலவாகப் பெருகி, கண்ணின் வேகம் கூடினால் ஆட்டமும் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையைப் பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் விதைக்கின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது இந்த நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம் கிடைப்பதில்லை. பார்வைப் பயிற்சி நடக்கவேண்டிய இடம் ஆடுகளமே என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கிறது.

விளையாட்டுப் பார்வை குறித்த ஆய்வாளர்கள் இரு வகைத் திறன்களைப் பிரித்துப் பேசுகிறார்கள். தொலைவிலுள்ள எழுத்தைத் தெளிவாகக் காணும் பார்வைக் கூர்மை, தொலைவை மதிப்பிடும் ஆழவுணர்வு, நேரே நோக்கியபடியே பக்கவாட்டு அசைவை உணரும் ஓரப்பார்வை ஆகியவை கண் என்னும் உறுப்பின் திறன்கள். கண்ணில் விழுந்த காட்சியில் எது முக்கியம், அடுத்து என்ன நடக்கும் என்று அறிவது அனுபவத்தால் வளரும் திறன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான் அல்லார்டும் அவருடைய குழுவினரும் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக் காட்சிகளின் படங்கள் சில வினாடிகள் மட்டுமே காட்டப்பட்டு, யார் எங்கே நின்றார்கள் என்பதை நினைவிலிருந்து குறிக்கும்படி கேட்கப்பட்டது. தாக்குதல் ஒழுங்காக அமைந்திருந்த காட்சிகளைக் கூடைப்பந்து வீரர்கள் மற்றவர்களைவிட மிகத் துல்லியமாக நினைவுகூர்ந்தார்கள். ஒழுங்கற்றுச் சிதறிக் கிடந்த காட்சிகளிலோ அவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. வீரர்களின் கண் பொதுவாகவே கூரியது என்றால் இரண்டிலும் அவர்களே முந்தியிருக்க வேண்டும்.

பொதுவான கண்பயிற்சிகள் பயன் தருகின்றனவா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்தவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்நெத்தியும் ஜோவன் வுட்டும் ஆவர். சந்தையில் புகழ்பெற்றிருந்த இரு கண்பயிற்சித் திட்டங்களை அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, அவற்றைச் செய்த குழுக்களை, டென்னிஸ் ஆட்டங்களைப் பற்றிப் படித்தும் தொலைக்காட்சியில் பார்த்தும் வந்த குழுவோடும், ஆட்டப் பயிற்சி மட்டும் செய்த குழுவோடும் ஒப்பிட்டார்கள். 2001-ல் வெளியான முடிவுகளின்படி, கண்பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எதையும் பெறவில்லை; சில சோதனைகளில் தெரிந்த முன்னேற்றமும், அதே சோதனையை மறுபடி செய்யும்போது எவருக்கும் வரும் பழக்கத்தால் வந்ததாகவே இருந்தது. ஒளிப்பலகையில் வேகமாகத் தட்டப் பழகிய சிறுவன் ஒளிப்பலகையில் வேகமாகத் தட்டுவான் என்பதற்கு மேல் உறுதியளிக்க விரும்பும் எவரும் முதலில் பதில் சொல்லவேண்டிய ஆய்வு இது.

களத்திலேயே நடக்கும் பார்வைப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதை ஃப்ரீ த்ரோவைக் கொண்டு தெளிவாகக் காணலாம். எதிரணி தவறு இழைக்கும்போது வழங்கப்படும் இந்தத் தடையற்ற எறிவில், நடுவர் பந்தைக் கையில் தந்த ஐந்து வினாடிக்குள், பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டின் பின்னால் நின்று, 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையத்தில் பந்தைப் போடவேண்டும். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், விழியின் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை வீராங்கனைகளுக்கு அணிவித்து இந்த எறிவை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார். குறி தவறாதவர்களின் பார்வை, கை எறியத் தொடங்குவதற்கு முன்பே வளையத்தின் ஒரு புள்ளியில் ஏறக்குறைய ஒரு வினாடி அசையாமல் நின்றது. தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வை அதில் பாதியளவுகூட நிற்காமல் அங்கும் இங்கும் தாவியது. செயலுக்கு முன் நிலைகொள்ளும் இந்தக் கடைசிப் பார்வைக்கு விக்கர்ஸ் சூட்டிய பெயரைத் தமிழில் ‘அமைதிநோக்கு’ என்று சொல்லலாம்.

இதைக் கற்பிக்கவும் முடியும் என்று விக்கர்ஸும் ஷானன் ஹார்லும் 2001-ல் காட்டினார்கள். பல்கலைக்கழக மகளிர் அணியொன்றுக்கு அவர்கள் கற்பித்த முறைக்கு எந்தச் சாதனமும் தேவைப்படவில்லை. கோட்டில் நின்று தலையை நிமிர்த்தி, வளையத்தை நோக்கியபடி பந்தை நிதானமாக மூன்று முறை தட்டி, பந்தை எறியும் நிலைக்குக் கொண்டுவந்து, வளையத்தின் முன்விளிம்போ நடுவோ பின்விளிம்போ ஏதாவது ஓரிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை வினாடி பார்வையை நிறுத்தி, பிறகு தயங்காமல் சீராக எறிவதே அந்த முறை. இரண்டாம் பருவத்தின் லீக் ஆட்டங்களில் அந்த அணியின் ஃப்ரீ த்ரோ வெற்றி ஏறத்தாழ 22 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஓர் அணியின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஆயினும் சோதனைக் கூடத்தில் பெற்ற முன்னேற்றம் உண்மையான போட்டியின் மதிப்பெண்ணாக மாறியதைக் காட்டும் ஆய்வுகள் இத்துறையில் அரிது என்பதால் இதன் மதிப்பு பெரிது.

ஆனால் ஒரே விதியை எல்லா எறிவுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் ரவூல் அவ்தெயான்ஸும் உடன் ஆய்வாளர்களும், தாவி எறியும் ஜம்ப் ஷாட்டை ஆராய்ந்தபோது, பந்து கையை விட்டு நீங்குவதற்கு முந்தைய ஏறத்தாழ மூன்றிலொரு வினாடி நேரம் மட்டும் வளையம் தெரிந்தாலே தேர்ந்த வீரர்கள் வழக்கம்போல் குறி தவறாமல் எறிந்தார்கள் என்றும், அந்தக் கடைசி நேரத்தில் பார்வை மறைக்கப்பட்டால் தடுமாறினார்கள் என்றும் 2002-ல் கண்டறிந்தார்கள். கால்கரியின் முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் எறியும் பாணி. பந்தை நெற்றிக்கு மேல் உயர்த்திவிட்டு எறிபவர் பந்துக்குக் கீழே வளையத்தைக் கடைசிவரை காண்கிறார். முகத்துக்குக் கீழிருந்து எறிபவருக்கோ, எழும்பும் பந்தே பார்வையை மறைத்துவிடுவதால், பார்க்கவேண்டியதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

சிறுவர்களின் பயிற்சிக்கு இந்த நுட்பம் நேரடியாகப் பொருந்தும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பந்தின் அளவு ஐந்து. பெரியவர்களின் பந்தையும் வளையத்தையும் கொடுத்தால் அந்த வயதுச் சிறுவர்கள் வலுப் போதாமல் மார்பிலிருந்து பந்தைத் தள்ளி எறியப் பழகி, வளையத்தைக் கடைசி நொடியில் காணும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே இழக்கிறார்கள். எந்தப் பந்தைக் கையில் தருவது என்பதுகூடப் பார்வை சார்ந்த முடிவுதான் என்பதைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் பலரும் இன்னும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நகரும் பொருள்களைப் பின்தொடரும் கணினிப் பயிற்சிக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வீரர்கள் பன்னிருவரை வைத்து 2014-ல் வெளியானது. அச்சோதனையில் சிறந்தவர்கள் ஆட்டத்தில் சக வீரர் கூடையில் போட உதவும் ‘அசிஸ்ட்’ கூடுதலாகச் செய்தார்கள், எதிரணியிடமிருந்து பந்தைக் கூடுதலாகப் பறித்தார்கள் என்பது உண்மையே. எனினும் அது இரண்டு திறன்களும் சேர்ந்து காணப்பட்டதைச் சொல்கிறதே தவிர, ஒன்றைப் பழகினால் மற்றது வளரும் என்று நிறுவவில்லை. மாறாக, இத்தாலியில் சால்வதோரே அலியோத்தி குழுவினர் 2008-ல் செய்த ஆய்வில், ஃப்ரீ த்ரோவின் காணொளியைப் பாதியில் நிறுத்திப் பந்து உள்ளே விழுமா என்று கேட்டபோது, ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய பயிற்சியாளர்களையும் செய்தியாளர்களையும்விட, ஆடும் வீரர்கள் எறிபவரின் உடலசைவைக் கொண்டே முன்கூட்டிச் சரியாகச் சொன்னார்கள். தானே எறிந்து பழகிய உடல்தான் பிறர் எறிவதையும் படிக்கிறது.

இவை அனைத்துக்கும் முன்னதாக, கண் தெளிவாகத் தெரிகிறதா என்ற எளிய கேள்வி இருக்கிறது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரிக்கு, கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் என்னும் குறைபாடு இருப்பதும், அதற்காக அவர் காண்டாக்ட் லென்ஸ் அணியத் தொடங்கியதும் 2019-ல்தான் வெளியே தெரிந்தன. உலகின் தலைசிறந்த எறிவாளருக்கே இந்நிலை என்றால், மங்கலாகத் தெரிவதே இயல்பு என்று நினைத்து ஆடும் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் குறையைத் தானாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து இலவச மூக்குக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. கண் மருத்துவர் எழுத்து அட்டையைப் படிக்கச்சொல்லும் தொலைவு 6 மீட்டர், மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர். உயரத்தையும் தாவலையும் அளக்கும் மாவட்டத் தேர்வு முகாம்கள் அந்த அட்டையையும் சுவரில் மாட்டி, கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஆடும்போது கழன்று விழாத பட்டைக் கண்ணாடியைப் பெற்றுத்தர ஏற்பாடு செய்ய வேண்டும். ஓர் ஒளிப்பலகையின் விலையில் அத்தகைய ஒரு முகாமுக்கு வரும் பிள்ளைகளின் கண்களையே சோதித்துவிடலாம்.