பொமரேனியனுக்கு மொட்டை வேண்டாம்

சித்திரை பிறந்ததும், “பாவம், வேகுது, ஒட்ட மழிச்சு விடுங்க” என்று பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு நாய்களுக்கு முடி திருத்தும் என் கடைக்கு வருகிறார்கள். கோபித்துக்கொண்டு போனாலும் நான் மெஷினை எடுப்பதில்லை. பொமரேனியனுக்கு இரண்டடுக்கு முடி. மேலடுக்கு வெயிலைத் தோலில் படவிடாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மழித்தால் தோல் வெந்துபோகலாம். பொமரேனியனுக்கும் ஹஸ்கிக்கும் சிலசமயம் மழித்தபின் மாதக்கணக்கில் முடியே முளைக்காது. அப்படி வழுக்கையாய் வந்த குட்டிகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

உதிர்ந்த அடிமுடியைச் சீப்பால் வாரி எடுங்கள், காற்று தோல்வரை போகும். சிக்கு தோலோடு இறுகி வலித்தால் மட்டும் வெட்டியே ஆகவேண்டும். ஷிட்சூவின் முடி வேறு வகை, தாராளமாகக் குறைக்கலாம். நடைக்கு விடியற்காலையில் கூட்டிப் போங்கள்.