மரத்தரையும் வாளித் தண்ணீரும்

தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வீடு சுத்தம் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். வெள்ளிக்கிழமை, அமாவாசை, பண்டிகைக்கு முதல் நாள் என்று வந்துவிட்டால் கூடத்திலிருந்து வாசல்வரை தண்ணீர் ஓடியாக வேண்டும். சிவப்பு சிமெண்டுத் தரைக்கும் கடப்பைக் கல்லுக்கும் அது சரி. சிமெண்டு, போட்ட நாள் முதல் நீர் தேக்கிப் பதப்படுத்திய தரை. மரம் அப்படியல்ல. அறுத்து எத்தனை வருடம் ஆனாலும் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு சாத்த முடியாமல் மல்லுக்கட்டுகிறதே, அதே கதைதான்.

இப்போது எங்கள் கண்டாச்சிபுரத்திலும் மாடியறைக்கு மரத்தரை போடும் ஆசை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பணி ஓய்வில் வந்த பணத்தைப் போட்டுச் செய்தார்கள். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை; பலகைகளின் விளிம்பெல்லாம் உப்பி மேலே எழும்பிவிட்டது. பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? வேலைக்கு வரும் பெண்மேல். வாளி நிறையத் தண்ணீரில் பினாயில் கலந்து துடைத்தாளாம். அவள் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் பிடித்துவிட்டார்கள். என்ன நியாயம் இது? இருபது வருடமாக அந்த வீட்டை அப்படித்தான் துடைத்தாள், அப்படித்தான் துடைக்கச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அலுவலகத்துக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் வந்தால்கூட, பராமரிப்புக் குறிப்பைக் கேட்டு வாங்காமல் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். தரை போட்டவர் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

சொல்லப்போனால் அது மரமே அல்ல. லேமினேட் என்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. மேலே மரம்போல் அச்சடித்த தாள், அதன்மேல் ஒரு பூச்சு. இணைப்பில் நீர் இறங்கி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. இழைத்துச் சரிசெய்யவும் வழியில்லை. மெய்யான தேக்குப் பலகையென்றால் காயவிட்டு, இழைத்து, மறுபடி மெருகேற்றலாம். நடுவில் இன்னொரு வகை உண்டு: ஒட்டுப்பலகையின்மேல் சில மில்லிமீட்டர் நல்ல மரம். அந்தக் கனம் எத்தனை முறை தாங்குமோ அத்தனை முறைதான் தேய்க்கலாம். வாங்கும்போதே எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பார்க்கே என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். வெர்சாய் அரண்மனையில் 1684இல் பளிங்குத் தரையைப் பெயர்த்துவிட்டு மரத்தரை போட்டார்கள். பளிங்கைக் கழுவக் கழுவ, இறங்கிய நீரில் கீழே தாங்கிய உத்தரங்கள் உளுத்ததுதான் காரணம் என்பார்கள். ஆக, தண்ணீரை ஒழிக்கவே வந்த தரை அது! பிரான்சில் பழைய வீடுகளில் வாசலருகே இரண்டு கம்பளித் துண்டுகள் கிடக்கும். அவற்றின்மேல் காலை வைத்துச் சறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். தரையில் கீறல் விழாது, மெருகும் ஏறும். குளிர்நாட்டுக்காரன் வசதி. நம் மூட்டுவலிக்காரர்கள் முயன்று பார்க்க வேண்டாம். தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்து பூசுவது அவர்கள் வழக்கம். 1875இல் கைய்பொத் என்ற ஓவியர், மூன்று தொழிலாளிகள் மண்டியிட்டுத் தரை இழைப்பதை வரைந்தார். அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சிக் குழு அதை வேண்டாமென்று தள்ளிவிட்டது. தரை வேண்டும், தரையைத் தேய்ப்பவன் முகம் வேண்டாம். அங்கேயும் அப்படித்தான்.

போட்டுவிட்டவர்களுக்குச் சொல்கிறேன். பூந்துடைப்பத்தால் தினமும் பெருக்குங்கள். ஈர்க்குத் துடைப்பம் கூடாது. மரத்துக்குத் தண்ணீருக்கு அடுத்த பகை மணல். நம் ஊர்ப் பாறை மண் உப்புக்காகிதம்போல அராவும். ஆகவே செருப்பு வெளியே, வாசலில் கால்மிதி. துடைப்பதென்றால் சொட்டுக்கூட விழாமல் முறுக்கிப் பிழிந்த துணி, உடனே ஒரு காய்ந்த துணி. பினாயில், சோப்புத் தூள், வினிகர் எதுவும் வேண்டாம். நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணி ஒட்டுங்கள். மெழுகு ஏற்றிய தரைக்கு மட்டும் மெழுகு. வார்னிஷ் பூசியதில் மெழுகு தடவினால் வழுக்கும், பின்னால் மறுபூச்சும் பிடிக்காது. சுவரோரம் கரையான் மண் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். தரையில் மாக்கோலமும் அகல்விளக்கும் வைக்கிற அறையில் மரம் போடவே போடாதீர்கள்.

என்னைக் கேட்டால், இந்த வெயிலுக்கும் மழைக்கும் நம் வீட்டில் மரம் இருக்க வேண்டிய இடம் கதவும் ஊஞ்சலும்தான். எங்கள் தாழ்வாரத்துச் சிவப்புத் தரை இன்னும் முகம் பார்க்கிற பளபளப்பு. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் நானே தேய்த்து, காய்ந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பேரன் உட்பட.