தொட்ட கையும் கேட்காத கேள்வியும்

"அகதிக்கு ஏது சகோதரரே சாதி? நோவுக்குத்தான் ஏது?"

சில வருடங்களுக்கு முன் இலங்கை அகதிகள் முகாம் ஒன்றில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இலவச மருத்துவ முகாம் நடத்தியது. சீட்டு எழுதிக் கொடுக்கும் ஆளாக நான் போயிருந்தேன். அங்கே ஒரு போதகர் என்னிடம் சொன்னது இது. நான் அப்படியொன்றும் கலகக் கேள்வி கேட்டுவிடவில்லை. பெயர், வயது, நோய் என்று மூன்று வரி எழுதுகிறோமே, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இவர்களுடைய பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று நாலாவதாக ஒரு வரி சேர்த்தால் என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான். போதகர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டு, ஜெபம் பண்ணி மருந்து கொடுக்கப் போய்விட்டார். நல்ல மனுசர். அன்றைக்கு இருட்டும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயசான அம்மா வரிசையில் வந்தார். கருப்பை இறங்கிப்போய்ப் பத்து வருசம். கொழுந்துக்கூடை சுமந்த உடம்பு. "எந்த ஊரும்மா?" என்றேன்.

"எந்த ஊரைச் சொல்றது தம்பி? பொறந்தது மலையில, லயத்துல. எழுபத்தேழுல அடிச்சுத் தொரத்துனாங்க. வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தோம். தொண்ணூறுல அங்கயிருந்தும் ஓடியாந்தோம். எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்து ஆளு. ஒருதரம் அந்த ஊரைப் பாக்கப் போனேன். டீக்கடையில, 'நீங்க காலனிக்கா வந்திருக்கீங்க'ன்னு கேட்டாங்க. அது மட்டும் மாறாம இருக்கு."

அகதிக்குச் சாதி இல்லை என்று போதகருக்குத் தெரிகிறது. அது டீக்கடைக்காரனுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவின் தாத்தா போன வழியைக் கொஞ்சம் பார்ப்போம். கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கூலியாக 1830கள் தொட்டு நம் சனங்கள் போனார்கள். பள்ளர், பறையர், சக்கிலியர்தான் அதிகம். சொந்த ஊரில் பண்ணையடிமை, போன இடத்தில் கங்காணிக்குக் கடன்காரன். மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்த பாதையில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் வைத்தது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே தடுத்து நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, துணிமணியை ஆவியில் வேகவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். யாருக்காக அந்த வைத்தியம்? கூலியின் உடம்பு கூலிக்காரனுக்குச் சொந்தமில்லை, துரைக்குச் சொந்தம். துரையின் சொத்து சீக்கில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

அதே மண்டபத்தில்தான் 1980களிலிருந்து அகதிகள் முகாம் நடக்கிறது. தாத்தாவை நிறுத்தி அம்மை குத்தி அனுப்பிய இடத்தில் பேத்தியை நிறுத்தி விரல்ரேகை வாங்குகிறார்கள். இதைச் சொல்லாமல் 'ஈழ அகதி' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதுதான் தமிழ்ப் பொதுப்புத்தி. மேடையில் 'தொப்புள்கொடி உறவு' என்று முழங்குகிறவர்கள் எவரும் இந்தத் தொப்புள்கொடி எந்தச் சேரியில் அறுந்தது என்று கேட்டதில்லை.

மிஷனும் கேட்டதில்லை. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்து மலைத் தோட்டங்களுக்குள் போனார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் காப்பித் துரைமாரும் உண்டு. துரை காசில் லயத்துக்குள் போன உபதேசியார் பாவத்தைப் பற்றிப் பேசலாம், பரலோகத்தைப் பற்றிப் பேசலாம். கங்காணிக் கடனைப் பற்றி, அந்தக் கடனை எழுதிக் கூலியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு'ச் சீட்டைப் பற்றி வாய் திறக்க முடியுமா? துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

இதைப் படிக்கிற இந்துத்துவக் கூட்டம் கைதட்ட வேண்டாம். உங்களுக்கு இதில் பேச்சே கிடையாது. நாட்டு வைத்தியன் நாடி பார்க்க நம் கையைத் தொட மாட்டான். பட்டுத்துணியைப் போட்டுப் பார்ப்பான், இல்லையென்றால் தூரத்தில் நின்று சூரணத்தை விட்டெறிவான். அப்படிப்பட்ட காலத்தில் நம் புண்ணைக் கையால் தொட்டுக் கழுவியது மிஷன் ஆஸ்பத்திரி. மதம் மாற்றும் நோக்கத்தோடு வைத்தியம் செய்யாதே என்று மிஷனரிகளைக் கண்டித்தார் காந்தி. பட்டினி கிடந்தவனிடம் தூண்டிலைப் பற்றிப் பாடம் நடத்துவது, வயிறு நிறைந்தவனுக்கு மட்டுமே முடிகிற காரியம். தொட்டவன் எந்த நோக்கத்தோடு தொட்டான் என்று விசாரிக்கிறவர்கள், நீங்கள் ஏன் தொடவே இல்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

என் ஆயா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் வேலை பார்த்தாள். வீட்டிலும் அவள் ஆயா, ஆஸ்பத்திரியிலும் அவள் ஆயா. பீச்சட்டி எடுத்தாள், ரத்தத்துணி அலசினாள், செத்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்ஸ் வேலையே தீட்டு வேலை என்று மேல்சாதிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பாத காலத்தில் கிறித்தவப் பெண்கள்தான் அந்த வேலைக்குப் போனார்கள். அதற்கும் கீழே நம் பெண்கள். தொண்டு என்று புத்தகத்தில் எழுதியிருப்பதில் பாதி இவர்கள் கூலிக்குச் செய்த வேலை. ஆஸ்பத்திரி வாசல் கல்லில் டாக்டர் துரை பெயரும் அம்மா பெயரும் இருக்கிறது. ஆயா பெயர் சம்பளப் பட்டியலில்கூட முழுசாக இருந்ததா என்று தெரியாது. ஆனால் கடைசிவரை, "என்னைய உள்ள உட்டாங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே விட்டதே பெரிசு. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. கடனைச் சொல்லிக்கொண்டேதான் கணக்குக் கேட்கிறேன்.

இந்தக் கணக்கை முதலில் கேட்டவர் அம்பேத்கர். அவர் மறைவுக்குப் பிறகு அச்சேறிய கட்டுரைகளில் மிஷன் தொண்டை நேராகவே விசாரிக்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொட்டிய பணத்தின் பலனை அதிகம் அள்ளியது மேல்சாதி இந்துக்கள். தீண்டப்படாதவர்களிலிருந்து வந்த கிறித்தவனுக்கு வேண்டியது வேறு: அவனுடைய குடிமை உரிமைக்குப் பாதுகாப்பு, பொருளாதாரத்தில் மேலேற வழி. மிஷன் அந்த இரண்டையும் விட்டுவிட்டது என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு.

வேலூர் ஆஸ்பத்திரி பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஐடா ஸ்கடரின் வாசலுக்கு வந்தார்கள். பிரசவத்துக்குப் பெண் டாக்டர் வேண்டும், ஆண் டாக்டர் வரக்கூடாது. மூன்று பெண்களும் செத்தார்கள். அதைக் கண்டு மனம் நொந்து அவர் டாக்டரானார். கலங்காமல் கேட்க முடியாத கதை. ஆனால் அந்த மூன்று பேரில் சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே பிரசவத்தில் பெண்கள் சாகவில்லையா? கதவைத் தட்டலாம் என்ற தைரியம் எங்களுக்கு வர இன்னும் காலம் இருந்தது. 1909 வாக்கில் அதே ஐடா ஸ்கடர் வண்டியேறி ரோட்டோர மரத்தடிகளில் மருந்து கொடுக்கக் கிளம்பினாரே, அந்த மரத்தடியை நான் பெரிசாக நினைக்கிறேன். கதவில்லாத இடத்துக்கு நம் ஆட்கள் வர முடியும்.

இனி அகதிக்குச் சாதி இல்லை என்ற பேச்சுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் போரால் இடம்பெயர்ந்தவர்களில் நிலமும் காசும் வெளிநாட்டில் உறவும் உள்ளவர்கள் முகாமை விட்டு வெளியேறிவிட, வருசக்கணக்காக அங்கேயே கிடந்தவர்கள் பெரும்பாலும் நளவர், பள்ளர் போன்ற பஞ்சமர். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்கூடத் தகராறு. காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் பதிப்பித்து 2009இல் வந்த நூல் இதைப் பேசுகிறது. நம் பக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? நிவாரண முகாமில் தலித்துகளைச் சேர்க்காமல் விரட்டினார்கள். கடல் சாதி பார்க்கவில்லை, கஞ்சித்தொட்டி பார்த்தது.

அப்படியானால் அகதிக்குத் தொண்டு செய்வது எப்படி? ஒரு டாக்டரைச் சொல்கிறேன். ராஜசுந்தரம். மிஷன்காரர் அல்ல. எஸ். ஏ. டேவிட் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து காந்தியம் இயக்கத்தை நடத்தினார். 1977 கலவரத்தில் மலையிலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தமிழர்களை வவுனியாப் பக்கம் காணி கொடுத்துக் குடியேற்றிய இயக்கம் அது. வைத்தியமும் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வைத்தார்கள். ஆனால் முதலில் மண். அரசாங்கம் 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தது. ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரத்தைக் கொன்றார்கள். மாத்திரை கொடுத்ததற்காக அவரைப் பிடிக்கவில்லை. கூலிக்காரனுக்கு நிலம் கொடுத்தால் அவன் ஊர்க்காரன் ஆகிவிடுவான். அதைத்தான் எந்த அரசும் பொறுக்காது.

நம் அரசும் அப்படித்தான். 1948இல் இலங்கை இவர்களைக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஆடுமாடு போலப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்கிலும் விட்டுப்போனவர்கள், பங்கு முடிவதற்குள் ஓடிவந்தவர்கள் இன்றைக்கும் முகாமில். அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 ஜூனில் தோட்டத் தமிழர் வழிவந்த 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அதே வருடம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2025 செப்டம்பரில் 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்றது ஒன்றிய அரசு. தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை.

போதகருக்கு ஒரு பயம் இருக்கும். அது எனக்குப் புரிகிறது. கேள்வி கேட்டால் முகாமுக்குள் விட மாட்டார்கள். கியூ பிரிவு போலீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் தொண்டு நிறுவனங்களுக்கு முகாம் வாசலை அடைத்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்தாவது போய்ச் சேரட்டும் என்ற நினைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் முப்பது நாப்பது வருசமாக மருந்து மட்டுமே போய்ச் சேர்ந்தால், அந்த மருந்து முகாமை நடத்துகிறவனுக்கு ஒத்தாசை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவனைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது என்று திருச்சபை நியாயமாகவே போராடுகிறது. காகிதத்தில் பெயர் இல்லாமல் போவது என்ன வலி என்று அதற்குத் தெரியும். அதே திருச்சபை தன் கல்லறைத் தோட்டத்தில் நமக்குத் தனி மூலை ஒதுக்கும்போது மட்டும் அந்த வலி மறந்துபோகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்துப் பழைய சபைகளிலும் மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, பிறப்பு இறப்பு ஏடு இருக்கிறது. எந்தச் சேரியிலிருந்து எந்தக் குடும்பம் கண்டிச் சீமைக்குப் போனது என்று தேடினால் சில பெயராவது அகப்படும். அதைத் திறந்து கொடுங்கள். எல்லாரும் வேதக்காரர்கள் இல்லை, எல்லார் பெயரும் இருக்காது. இருக்கிற பெயர் ஒரு குடும்பத்துக்குச் சான்றாகும். ஆயிரம் மாத்திரை கொடுக்கிற இடத்தில் ஒரு வக்கீலை உட்கார வையுங்கள். முகாமிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்துச் சம்பளம் கொடுங்கள். என் ஆயாவுக்குச் செய்தது போலப் பெயரில்லாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தலித் அமைப்புகளில் இருக்கிற தோழர்களுக்கும் இதே கேள்விதான். நம் ஊர்க் காலனியிலிருந்து நாலு மைலில் அந்த முகாம் இருக்கிறது. அங்கே இருப்பது நம் சொந்தம் என்று தெரிந்துகொள்ள நமக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. நாம் எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறோம்?

அந்த அம்மாவுக்கு நான் எழுதிய சீட்டில் நாலாவது வரியை நானாகவே சேர்த்தேன். "தாத்தா ஊர்: புதுக்கோட்டைப் பக்கம்." மருந்து வாங்குகிற இடத்தில் சீட்டைப் பார்த்தவர், இது எதுக்கு என்று கேட்டு ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். அந்த அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "என்னமோ அடிச்சிருக்காங்களே தம்பி, என்னா அது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"திருப்பி எழுதிக் குடு" என்றார்.