‘வேகன்ட் பொசெஷன்’: காலி என்பது யாரை?

தோட்டம் கைமாறும்போது ஆபீஸிலிருந்து லயத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. கிராணியார் அதை வாசித்துத் தமிழில் சொல்கிறார். இரண்டு சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்: ‘வேகன்ட் பொசெஷன்’. தோழர்களே, நம் தலைக்கு மேலுள்ள கூரை அந்த இரண்டு சொற்களில்தான் தொங்குகிறது. ஆகவே அதன் பொருளைக் கோத்தா திங்கி வட்டாரத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

‘பொசெஷன்’ என்றால் கைவசம். நம் முன்னோர் பத்திரங்களில் ‘சுவாதீனம்’ என்று எழுதிய அதே சங்கதி. ‘ஓனர்ஷிப்’ வேறு. கிராண்டில் பெயர் உள்ளவன் ஓனர். குடியிருந்து விளக்கேற்றுகிறவனிடம் இருப்பது பொசெஷன். ‘வேகன்ட்’ என்றால் காலி. நிலத்தை வாங்குகிறவன், “ஆள் இல்லாமல் ஒப்படை” என்று கேட்பதற்குத்தான் இந்தப் பெயர்.

காலி என்பது யாரை? கோயில் கட்டியவன் இருக்கிறான், பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவள் இருக்கிறாள், இருட்டோடு எழுந்து பால் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் அந்த இடத்துக்குக் காலி என்று பெயர் சூட்ட முடியும்!

இது புதுக் கதையல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதினார். நிலத்தை நாமே வாங்கினால்தான் பிழைப்பு என்று 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

இதே சொல் பட்டணத்துத் தாமானில் எப்படி நடந்துகொள்கிறது, பாருங்கள். அங்கே தரை வீடு வாங்குகிறவருக்கு ஒப்பந்தத் தேதியிலிருந்து 24 மாதத்துக்குள் ‘வேகன்ட் பொசெஷன்’ தர வேண்டும் என்பது சட்டப்படியான ஒப்பந்தம். தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு நஷ்டஈடு. அவருக்கு அந்தச் சொல் சாவியைக் கொண்டுவருகிறது. நமக்கு அதே சொல் பூட்டைக் கொண்டுவருகிறது!

கைவசம் வைத்திருப்பவனுக்குச் சட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்பது இங்கிலீஷ்காரனின் பழமொழி. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், பிறர் நிலத்தை 12 ஆண்டு எதிர்ப்பின்றி ஆண்டவனுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. இங்கேயோ, 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவுப்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் கிராண்டுக்காரன் வழக்குத் தொடுத்து நிலத்தை மீட்பதை அது தடுக்காது. மூன்று தலைமுறை இருந்தாலும் அதே கதிதான். வேலை போனால் வீடும் போகிறது.

இந்த நாட்டில் வேறு வழி இல்லையா? 1956-ல் பிறந்த பெல்டா, இதே கோத்தா திங்கி மாவட்டத்தில் காட்டைத் திருத்தி, நிலமற்றவர்களைக் குடியேற்றி, அவர்கள் நிலத்துக்கு உரிமையாளர்களாக வழி வகுத்தது. அதை நாம் பொறாமையோடு பார்க்கவில்லை. நல்ல முன்மாதிரி என்றே சொல்கிறோம். காட்டைத் திருத்தியவனுக்கு மண்ணில் பங்குண்டு என்றால், ரப்பரை வளர்த்தவனுக்கு ஒரு வீட்டு மனைகூட இல்லையா? தோட்டத்தின் விலையில் நம் வியர்வை சேர்ந்திருக்கிறது. விற்பனைப் பத்திரத்தில் நம் பெயர்தான் சேரவில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. தோட்டம் விற்கப்படுமுன் தொழிலாளர் வீட்டுக்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும். அது தொழிலாளி பெயரில் கிராண்டாக வர வேண்டும். விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்த ஷரத்து இருக்க வேண்டும்.

தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. அது உழைப்பின் கணக்கு, வீட்டின் விலையல்ல. இரண்டையும் ஒரே காகிதத்தில் முடிச்சுப் போட்டு நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். சங்கத்திடம் கொண்டு வாருங்கள். கிராணிமார்களே, அந்தச் சொல்லை இனி ஆங்கிலத்தில் விட்டுவிடாதீர்கள். “உங்களை வெளியேற்றி ஒப்படைப்பது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருள் தெரிந்தவனை ஏமாற்றுவது அத்தனை சுலபமல்ல!