சேம்பரை வெட்டியவர் ஒருவர், சம்பளம் வெட்டுப்பட்டவன் இன்னொருவன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். "டீச்சருக்கு எஞ்சின் விவகாரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பட்டறையில் உதவியாளன். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். அதில் மாதம் 4,000 ரூபாய் பிடிக்கிறார்கள். பத்து மாதம் பிடிப்பார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஒரு ஜீப் எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு டீச்சர். நான் ஆயில் கம்மியா ஊத்திட்டேன்னு சொல்றாங்க" என்றான். "கம்மியா ஊத்தினியா?" என்றேன். "இல்ல டீச்சர், டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும் ஊத்தினேன்" என்றான்.

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வேலை செய்தவள் நான். பொய் சொல்கிற பிள்ளை தரையைப் பார்க்கும். இவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். இருந்தாலும் முகத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் விசாரித்தேன்.

நடந்தது இதுதான். ஒருவர் தன் பழைய ஜீப்பில் வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார். அந்த எஞ்சினின் ஆயில் சேம்பர், அதாவது புத்தகத்தில் சம்ப் என்று போட்டிருப்பது, முன்பக்கம் ஆழமானது. ஜீப்புக்கு முன்பக்கமும் ஆக்சில் உண்டு. வண்டி குழியில் இறங்கி எழும்போது ஆக்சில் மேலே வந்து சேம்பரில் இடித்தது. பட்டறைக்காரர் என்ன செய்தார்? சேம்பரின் ஆழமான பகுதியை அறுத்தார். தகடு வைத்துத் தட்டையாக வெல்டு அடித்தார். எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்பக் குட்டையாக்கினார். வண்டி கிளம்பியது. நாலு மாதம் ஓடியது. நாகலாபுரம் பக்கம் ஒரு மலைப்பாதையில் ஏறும்போது நின்றது. பிரித்துப் பார்த்தால் பேரிங் உருகி கிராங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னபோது ஆளுக்கொன்று சொன்னீர்கள். "பழைய எஞ்சின், அதான்" என்றார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கும்" என்றார் இன்னொருவர். "பையன் கவனமா இருந்திருக்கணும்" என்று மூன்று பேர். சேம்பரை அறுத்தவரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஆகவே நானே ஒரு சோதனை செய்தேன். பையன் அந்த வெட்டிய சேம்பரைக் கொண்டுவந்தான். அதே வகை எஞ்சினின் வெட்டாத சேம்பர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் இரவல் வாங்கிவந்தான். இரண்டையும் வாசலில் வைத்தோம். டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரும் உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தோம். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றினோம். வெட்டாத சேம்பரில் கோடு வரைக்கும் 6 லிட்டர் பிடித்தது. வெட்டியதில் 3.75 லிட்டர்தான்.

புரிகிறதா? டிப்ஸ்டிக் எண்ணெயின் அளவைக் காட்டாது. உயரத்தைத்தான் காட்டும். அடியைத் தூக்கிவிட்டு அதே கோடு வரை ஊற்றினால் உயரம் சரியாக இருக்கும், எண்ணெய் இருக்காது. பையன் ஊற்றியது சரி. 2.25 லிட்டரை எடுத்துக்கொண்டது வெட்டு.

அடுத்து, இரண்டு சேம்பரின் முன்பக்கத்தையும் செங்கல் வைத்து உயர்த்தினோம். சேம்பரின் நீளம் 40 சென்டிமீட்டர். ஒரு முனையை 20 சென்டிமீட்டர் தூக்கினால் 30 பாகைச் சாய்வு. மலைப்பாதையில் ஜீப் ஏறுகிற நிலை. வெட்டாத சேம்பரில் முன்பக்கத்துக் குழியில் தண்ணீர் தங்கியது. வெட்டியதில் எல்லாம் பின்பக்கம் ஓடிப்போய், உறிஞ்சு குழாய் நிற்கும் இடம் காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கே புரிந்தது.

வீட்டில் தண்ணீர் சம்ப் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தண்ணீர் இறங்கி ஃபுட்வால்வ் வெளியே தெரிந்தால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். இங்கேயும் அதே கதைதான். என்ன, வீட்டு மோட்டார் வெறுமனே ஓடினால் சத்தம் கேட்டு அணைக்க நேரம் இருக்கும். எஞ்சினில் இருக்காது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடைவெளி. அதில் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 40 சுற்று. பத்து விநாடி காற்றை இழுத்தால் 400 சுற்று. கணக்கு அவ்வளவுதான்.

"நாலு மாசம் ஓடுச்சே" என்கிறார்கள். எங்கே ஓடியது? கும்மிடிப்பூண்டியிலிருந்து செங்குன்றம் வரைக்கும் ஜி.என்.டி. சாலை தட்டைப் பாய் மாதிரி. அந்தச் சாலையில் ஓடியதை வைத்து வேலை சரி என்று சொல்வது, கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு போடுவது போல. சமதளத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பிரேக்கை நன்றாக அழுத்தி, வேகம் புவியீர்ப்பின் 0.6 பங்கு என்ற அளவில் குறைந்தால், எண்ணெய் மட்டம் ஏறக்குறைய 31 பாகை சாயும். அதுவும் மலை ஏறுவதற்குச் சமம்தான், எண்ணெய் ஓடும் திசைதான் வேறு.

இடமில்லாத வண்டியில் டீசல் எஞ்சினை உட்கார வைக்க வழியே இல்லையா? உண்டு. டிரை சம்ப். எஞ்சினுக்குக் கீழே எண்ணெயைத் தேக்கி வைக்காமல், உயரமான ஒடுக்கமான தனித் தொட்டியில் வைப்பது. தொட்டியிலிருந்து ஒரு பம்ப் எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்பும். கீழே வடிகிற எண்ணெயை இன்னொரு பம்ப் உடனுக்குடன் தொட்டிக்கு ஏற்றும். அடியில் தட்டையான தட்டு போதும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் தொட்டியின் அடியில் எண்ணெய் நிற்கும்.

இதைச் சொன்னதும் என் தம்பி மகன் எழுதினான்: "அத்தை, அதெல்லாம் ரேஸ் காருக்கு. நம்ம ஊருக்கு ஒத்து வராது."

மருமகனே, உன் தாத்தா ஓட்டிய புல்லட் என்ன ரேஸ் காரா? 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, நம் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்த அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் டிரை சம்ப் வகைதான். எண்ணெய்க்குத் தனி அறை, அனுப்ப ஒரு பம்ப், திருப்பி எடுக்க ஒரு பம்ப். அறை எஞ்சின் உடம்போடேயே வார்க்கப்பட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் நிறுத்திவைத்துவிட்டு உதைத்தால் வெள்ளைப் புகை வருமே, ஞாபகம் இருக்கிறதா? அறையில் இருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கீழே சேர்ந்ததால் வந்த புகை அது. 2008-க்குப் பிறகு வந்த புது எஞ்சினில்தான் எண்ணெயைக் கீழேயே தேக்கும் முறைக்குப் போனார்கள். பால்காரரும் போலீஸ்காரரும் ஓட்டிய வண்டியில் இருந்தது நமக்கு ஒத்து வராதாம்!

எஞ்சின் மாற்றுவதும் நமக்குப் புதிதல்ல. பெட்ரோல் செலவு தாங்காமல் புல்லட்டில் சின்ன டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். பிறகு 1993-ல் கம்பெனியே 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின் வைத்து டீசல் வண்டி விட்டது. 6.5 குதிரைத்திறன். டபடபவென்று தெருவே அதிரும். அந்த வண்டிக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸில் மண் வாரும் எந்திரப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவு பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. சரிவில் நின்று வேலை செய்யும் எந்திரங்கள் பலவற்றில் சம்பின் ஒரு மூலையில் சேரும் எண்ணெயை ஆழமான பக்கத்துக்குத் தள்ள மட்டும் தனியாக ஒரு பம்ப் இருக்கும் என்று அவர் சொல்வார். மேட்டில் ஏறும் எந்திரத்துக்கு எண்ணெயைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது நம் மாவட்டத்துத் தொழிலாளிக்கு ஐம்பது வருடமாகத் தெரிந்த பாடம்.

அதற்காக எல்லாரும் நாளைக்கே டிரை சம்ப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அதிலும் அரைகுறை வேலை ஆபத்துதான். திரும்பி வரும் எண்ணெயில் காற்று கலந்து நுரையாக வரும். அதனால் திருப்பி எடுக்கும் பம்ப் அனுப்பும் பம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தொட்டியில் நுரை அடங்க உயரம் வேண்டும், காற்று வெளியேற வழி வேண்டும். பம்பை பெல்ட்டில் ஓட்டினால், பெல்ட் அறுந்தால் அலறுகிற அபாய மணி வேண்டும். டர்போ இருந்தால் அதிலிருந்து எண்ணெய் தடையில்லாமல் வடிய வேண்டும். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். அது எஞ்சின் எண்ணெயில்தான் இயங்கும். எண்ணெய் வழியை மாற்றுகிறவர் அதை மறந்தால் எஞ்சினோடு பிரேக்கும் போகும்.

ஆகவே நேர்மையான வழிகள் மூன்று. ஒன்று, அந்த வண்டியில் வெட்டாமல் உட்காரும் எஞ்சினைத் தேடுவது. இரண்டு, இழந்த ஆழத்தைப் பக்கவாட்டில் ஈடுகட்டி, தடுப்புத் தகடு வைத்து, கொள்ளளவை அளந்து, டிப்ஸ்டிக்கில் புதுக் கோடு போடுவது. மூன்று, செலவு செய்து முறையாக டிரை சம்ப் போடுவது. மூன்றும் முடியாது என்றால் "முடியாது சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது. அறுத்து ஒட்டி, கருப்புப் பெயிண்ட் அடித்து, வாயை மூடிக்கொள்வது தொழில் இல்லை.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்ததற்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றவும் அனுமதி வேண்டும். 2019 திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாரும்தான் செய்றாங்க" என்று சிரிப்பீர்கள். மாட்டிக்கொள்வது யார் என்று பாருங்கள். ஒளித்துச் செய்கிற வேலைக்கு பில் கிடையாது, ஜாப் கார்டு கிடையாது, சேம்பரை வெட்டச் சொன்னது யார் என்ற எழுத்து கிடையாது. உரிமையாளர் பட்டறைக்காரரைத் திட்டுவார். பட்டறைக்காரர் உதவியாளனைத் திட்டுவார். உதவியாளனுக்குக் கீழே யாரும் இல்லை. அதனால் கணக்கு அவன் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

1936-ல் வெள்ளைக்காரன் போட்ட ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் வந்ததாக இருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். அதையும் அவன் தரப்பைக் கேட்ட பிறகே செய்யலாம். இந்தப் பையனிடம் யார் கேட்டார்கள்? டிப்ஸ்டிக் கோடு வரை ஊற்றினேன் என்று அவன் சொன்னதை யார் சோதித்தார்கள்? ஒரு குவளைத் தண்ணீரில் தெரிந்திருக்கும்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த எஞ்சினில் எதை மாற்றினீர்கள், எண்ணெய் எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஜீப் வைத்திருக்கும் சொந்தக்காரர்களே, அலாய் வீலுக்கும் ஹாரனுக்கும் கொடுக்கிற காசில் கால் பங்கை ஆயில் பிரஷர் மீட்டருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, அந்தப் பட்டறைக்காரனுக்கு. உன் பெயரை எழுத மாட்டேன். நீயும் என்னிடம் படித்தவன்தான். நாலாம் வகுப்பில் மண்ணால் டிராக்டர் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தாய். சக்கரம் சுற்றியது. உனக்குக் கை இருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னவள் நான். அந்தக் கைதான் இந்தச் சேம்பரை வெட்டியது என்பதால்தான் இவ்வளவு கோபம்.

இரண்டு மாதம் பிடித்த 8,000 ரூபாயை அந்தப் பையனிடம் திருப்பிக் கொடு. மீதியைப் பிடிக்காதே. இங்கே கமெண்டில் விளக்கம் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. இரண்டு சேம்பரும் வாசலில்தான் இருக்கின்றன. தண்ணீரை நீயே ஊற்றிப் பார். பிறகு காபி குடிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்